அடங்கலில் அடங்காதவர்கள்

தமிழ்நாட்டில் எந்தச் சிற்றூரை எடுத்துக்கொண்டாலும் அதற்கென்று ஓர் அடங்கல் ஏடு உண்டு. ஊரிலுள்ள ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு புல எண் கொடுத்திருப்பார்கள். அந்த எண்ணுக்கு நேரே நிலத்தின் பரப்பு, நஞ்சையா புஞ்சையா என்ற வகை, தீர்வை, பட்டாதாரரின் பெயர், பாசனத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, அந்தப் பருவத்தில் பயிரிட்டது என்ன என்ற விவரங்கள் வரிசையாக இருக்கும். ஜூலை முதல் நாள் தொடங்கும் பசலி ஆண்டு முழுவதும் இந்த ஏடு எழுதப்படுகிறது. ஆண்டு முடிவில் ஜமாபந்தியின்போது மேலதிகாரிகள் இதைத் தணிக்கை செய்கிறார்கள்.

புறம்போக்கில் நிற்கும் புளியமரம்கூடக் கிராமக் கணக்குக்குத் தப்பாது. அதன் பலனை அனுபவிப்பவருக்கு 2-சி பட்டா என்று தனிக் கணக்கு இருக்கிறது. ஆனால் அந்தப் புளியை ஓடு நீக்கி, கொட்டை எடுத்து, கூலி வாங்கிச் செல்லும் பெண்ணை இந்தக் கணக்குகளில் தேடிப் பாருங்கள், அகப்படமாட்டாள். அவளுக்கு ஆண்டில் எத்தனை நாள் வேலை கிடைக்கிறது, கூலி நெல்லா பணமா, கடன் எவ்வளவு, கடன் கொடுத்தவர் யார் என்ற கேள்விகளுக்கு அடங்கலிலும் விடை இல்லை, சிட்டாவிலும் விடை இல்லை.

இதை யாரோ ஒரு கணக்கரின் மறதி என்று கொள்ளக்கூடாது. கிராமக் கணக்கு எதற்காகத் தோன்றியதோ அந்த நோக்கமே இந்த விடுபாட்டுக்குக் காரணம். நூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பலர் இதை நிரப்ப முயன்றிருக்கிறார்கள். அவர்கள் முயன்ற கதையையும், நிரம்பாத இடங்களால் யார் எதை இழந்தார்கள் என்பதையும் இங்கே பார்ப்போம்.

வரி கேட்ட கேள்விகள்

ஊர்க்கணக்கு ஆங்கிலேயர் கொண்டுவந்தது அன்று. அவர்கள் வருமுன்பே ஊர்தோறும் கணக்குப்பிள்ளைகள் ஓலையில் கணக்கு எழுதிவந்தார்கள். ஆங்கிலேயர் செய்தது அதை ஓர் ஒழுங்குக்குள் கொண்டுவந்ததுதான். 1820 முதல் 1827 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோ இரயத்துவாரி முறையை நிலைநிறுத்தினார். இடையில் ஜமீன்தார் இல்லாமல், பட்டாதாரரிடம் அரசு நேராகத் தீர்வை வாங்கும் முறை இது. நேராக வாங்கவேண்டுமானால் ஒவ்வொரு வயலையும் அரசு அறிந்திருக்கவேண்டும். எனவே நிலங்களை அளந்தார்கள். மண்ணைத் தரம் பிரித்தார்கள். கர்ணத்தின் கையில் வரிசை எண் இட்ட கணக்குகளைக் கொடுத்தார்கள்.

இந்த ஏற்பாட்டின் நன்மையையும் சொல்லியாகவேண்டும். 1793இல் நிலையான தீர்வை முறை ஏற்பட்ட வங்காளத்தில் ஜமீன்தார் ஒரு தொகையைக் கட்டிவிட்டால் போதும். எந்த வயலில் என்ன விளைகிறது என்று அரசு கேட்கவேண்டிய அவசியமே எழவில்லை. ஆகவே அங்கே சென்னை மாகாணத்தில் இருந்தது போன்ற அரசுக் கணக்கர் ஊர்தோறும் இல்லை. விளைச்சல் எண்களில் பெரும்பகுதி உத்தேசம். இறப்புகளைச் சொல்லவேண்டிய பொறுப்பு சௌக்கிதார் என்னும் ஊர்க்காவலரிடம் இருந்தது. 1943இல் பெரும் பஞ்சம் வந்தபோது அந்தச் சௌக்கிதார்களிலேயே பலர் இறந்தார்கள். பலர் ஊரைவிட்டுப் போனார்கள். சாவு மிகுந்திருந்த ஊர்களிலேயே சாவைப் பதிவு செய்ய ஆள் இல்லை. பஞ்ச விசாரணைக் குழு 1945இல் இறந்தோர் ஏறத்தாழ 15 இலட்சம் என்றது. பிற்கால ஆய்வாளர் பலர் 30 இலட்சத்தை ஒட்டிக் கணக்கிடுகிறார்கள். இரண்டுக்கும் இடையே இருக்கும் 15 இலட்சம் மனிதர்கள் வெறும் ஏட்டுப் பிழையாகிப்போனார்கள்.

அந்த அளவுக்குச் சென்னை மாகாணத்தின் நிலை மேலானதே. எத்தனை ஏக்கர் நெல், எத்தனை ஏக்கர் சோளம் என்று இங்கே சொல்ல முடிந்தது. ஆனால் நெல்லையும் சோளத்தையும் பற்றித்தான் சொல்ல முடிந்தது. தீர்வை கட்டாத மனிதரைப் பற்றி ஏடு எதுவும் கேட்கவில்லை.

பட்டா இல்லாத தெரு

அதை முதலில் உரக்கச் சொன்னவர்களுள் ஒருவர் செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராயிருந்த டிரமென்ஹீர். 1891இல் பறையர் மக்களின் நிலைமை குறித்து அவர் அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். அவர்கள் குடியிருந்த மனைகூட அவர்களுடையதாக இல்லை என்பதையும், மிராசுதாரர்களின் முன்னுரிமையால் தரிசு நிலத்தைக் கேட்டுப் பெறவும் வழியின்றி இருந்தார்கள் என்பதையும் அந்த அறிக்கை எடுத்துக்காட்டியது. அதன் விளைவாக 1892இல் அரசு பிறப்பித்த ஆணைப்படி ஒதுக்கப்பட்ட நிலங்களைத்தான் இன்று பஞ்சமி நிலம் என்கிறோம். குறிப்பிட்ட காலத்துக்கு விற்கக்கூடாது, பிறகு விற்றாலும் அதே வகுப்பினருக்கே விற்கவேண்டும் என்பது நிபந்தனை.

ஏட்டில் இல்லாத மக்களை ஏட்டில் ஏற்றிய செயல் இது. ஆனால் ஏறிய பெயர்கள் நிலைக்கவில்லை. நிபந்தனைகளை மீறி நிலங்கள் கைமாறின. புதிய பெயர்கள் பதிவேட்டில் ஏறின. 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்நிலங்களை மீட்க முனைந்தவர்கள், எந்தப் புல எண் பஞ்சமி நிலமாக இருந்தது என்பதைப் பழைய ஏடுகளில் தேடித்தேடி நிறுவவேண்டியதாயிற்று. செங்கற்பட்டுப் பகுதியில் காரணை என்ற ஊர் இருக்கிறது. 1994 அக்டோபரில் அங்கே நடந்த நிலமீட்புப் போராட்டத்தை ஒட்டிக் காவல்துறை சுட்டதில் இருவர் உயிரிழந்தனர். ஒரு பதிவேட்டின் சில வரிகளுக்கு உயிரின் விலை உண்டு என்பதை அறியாதவர்கள், புள்ளிவிவரத்தை உலர்ந்த பாடம் என்பார்கள்.

கடனுக்கு யார் கணக்கு வைத்தார்கள்?

அடங்கல் கேட்காத இன்னொன்று கடன். நிலத்தின் மீது அரசுக்கு வரவேண்டிய தீர்வை காசு காசாக எழுதப்பட்டது. அதே நிலத்தின் மீது சாகுபடிக்காரர் பட்ட கடன் எங்கும் எழுதப்படவில்லை. ஃபிரடெரிக் நிக்கல்சன் 1895இல் விவசாய வங்கிகள் குறித்து எழுதிய அறிக்கையில் சென்னை மாகாணத்தின் கிராமக் கடனை 45 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டார். 1930இல் மாகாண வங்கி விசாரணைக் குழு 150 கோடி என்றது. விலைவீழ்ச்சி உழவர்களை நொறுக்கிய பிறகு, 1935இல் சத்தியநாதன் அறிக்கை 200 கோடி என்றது.

இந்த மூன்று எண்களையும் வரிசையாக வைத்துக் கடன் இத்தனை மடங்கு பெருகியது என்று சொல்லத் தோன்றும். அவசரப்படக்கூடாது. மூன்றும் வெவ்வேறு வழிகளில் செய்த மதிப்பீடுகள். கைமாற்றும், நெல்லாக வாங்கி நெல்லாகத் திருப்பும் கடனும், பாத்திரத்தை வைத்து வாங்கிய சில்லறைக் கடனும் இவற்றில் எவ்வளவு அகப்பட்டிருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. கடன் பெருகியது உண்மை. எவ்வளவு பெருகியது என்பதற்குத்தான் உறுதியான சான்று கிடையாது.

1938இல் சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் வந்தது. இராஜாஜி அமைச்சரவை கொண்டுவந்த இந்தச் சட்டம் அக்காலத்தில் துணிச்சலான ஒன்று. ஆனால் விவசாயி என்று சட்டம் யாரைக் குறித்தது? விற்கத்தக்க உரிமை நிலத்தில் உடையவரை. வயலில் நாள் முழுதும் குனிந்து நின்றாலும், நிலத்தில் உரிமை இல்லாத கூலியாள் சட்டத்தின் கண்ணில் விவசாயி இல்லை. பட்டா ஏட்டின் பழைய எல்லைக்கோடு அப்படியே நிவாரணச் சட்டத்தின் எல்லைக்கோடாகவும் ஆகிவிட்டது.

ஒரு பேராசிரியரும் மாணவர்களும்

இந்த எல்லைக்கோட்டைத் தாண்டிப் பார்க்கத் துணிந்த முயற்சிகளில் சிறப்பானது ஓர் அரசு அலுவலகத்தில் பிறக்கவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளாதாரத்துக்கு முதல் பேராசிரியராக 1915இல் வந்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர். இங்கிலாந்தில் ரஸ்கின் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். ஆங்கில நாட்டுக் குடியானவர்களின் பொதுநிலங்கள் வேலியிடப்பட்டு அவர்கள் கையைவிட்டுப் போன வரலாற்றை நூலாக எழுதியவர். ஊர் நிலம் யாரிடம் இருக்கிறது, யாரிடம் இல்லை என்ற கேள்வி அவருக்குப் புதிது அன்று.

இந்தியப் பொருளாதாரத்தைக் கற்பிக்க வந்தவருக்கு இந்தியக் கிராமத்தைப் பற்றி நம்பத்தக்க நூல்கள் போதிய அளவில் கிடைக்கவில்லை. அவர் எளிய வழி ஒன்றைக் கண்டார். ஒரு வினாப்பட்டியல் தயாரித்தார். விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர்களிடம் அதைக் கொடுத்து, உங்கள் ஊரைப் பற்றி நீங்களே விசாரித்து எழுதி வாருங்கள் என்றார். மக்கள்தொகை, வீடுகள், நிலப்பங்கீடு, விளைச்சல், கால்நடை, கைத்தொழில், கூலி, கடன், கல்வி என்று அவருடைய கேள்விகள் விரிந்தன. அடங்கலைப் பார்த்து எழுதக்கூடியது அவற்றில் ஒரு பகுதிதான். மற்றவற்றுக்கு வீடு வீடாகப் போய்த்தான் ஆகவேண்டும்.

1916ஐ ஒட்டி நடந்த இந்த ஆய்வுகள் 1918இல் நூலாக வந்தன. அந்நாளைய இராமநாதபுரம் மாவட்டத்து வடமலைபுரம், திருநெல்வேலியின் கங்கைகொண்டான், தஞ்சையின் பாலக்குறிச்சி, வட ஆர்க்காட்டின் தூசி, தென் ஆர்க்காட்டின் இருவேல்பட்டு ஆகிய தமிழ் ஊர்கள் அதில் இடம்பெற்றன. மலையாள, தெலுங்கு ஊர்களும் உண்டு.

இருவேல்பட்டு பற்றிய பகுதியில் படியாட்களைக் காண்கிறோம். திருமணம் போன்ற செலவுக்கு ஒருவன் நிலக்காரரிடம் சிறு தொகை கடன் வாங்குவான். அதை அடைக்கும் வரை அவருடைய பண்ணையிலேயே உழைக்கவேண்டும். கூலி படியளவு தானியம். அதில் மிச்சம் பிடித்துக் கடனை அடைப்பது நடக்காத காரியம். தந்தைக்குப் பின் மகன் அதே நுகத்தடியின் கீழ் வருவான். அரசின் கணக்குகளைப் புரட்டினால் இருவேல்பட்டில் எத்தனை ஏக்கர் நஞ்சை என்று தெரியும். அந்த நஞ்சையில் உழைத்தவன் அதை விட்டு வெளியேற உரிமையற்றவன் என்பது தெரியாது. ஒரு கல்லூரி மாணவரின் குறிப்பேடு அதைச் சொன்னது.

குறைகளும் இருந்தன. 1916இல் கல்லூரிக்கு வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் நிலமுள்ள குடும்பத்துப் பிள்ளைகள், மேல்சாதியினர். அவர்கள் சேரிக்குள் எவ்வளவு தூரம் போயிருப்பார்கள், போனாலும் நிலக்காரர் வீட்டுப் பிள்ளையிடம் கூலியாள் மனம்விட்டு என்ன சொல்லியிருப்பான் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம். சேரிப் பெண்களின் சொல் அதில் எவ்வளவு ஏறியிருக்கும் என்பதையும் அவ்வாறே. இத்தனைக்குப் பிறகும் அந்த நூல் அக்கால அரசு ஏடுகள் காட்டாத பலவற்றைக் காட்டியது என்பதே வியப்பு.

ஸ்லேட்டர் 1921இல் சென்னையைவிட்டுச் சென்றார். ஆயினும் ஊர்கள் மறக்கப்படவில்லை. பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் 1930களின் பிற்பகுதியில் அவற்றை மறு ஆய்வு செய்து 1940இல் வெளியிட்டார்கள். மார்கரெட் ஹாஸ்வெல் 1960களின் தொடக்கத்தில் சில ஊர்களுக்குப் போனார். 1980களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த எஸ். குகனும் உடன் பணியாற்றியவர்களும் மீண்டும் போனார்கள். இருவேல்பட்டுக்கு 2008இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் ஆகியோர் சென்று, 1916 முதல் 2008 வரை அவ்வூரின் கதையைத் தொடர்ச்சியாகச் சொல்ல முடிந்தது. பெரும் நிலக்குடும்பத்தின் பிடி தளர்ந்ததையும், உழைப்பாளர்கள் வயலுக்கு வெளியே பிழைப்பைத் தேடிக்கொண்டதையும் அவர்கள் பதிவு செய்தார்கள். ஒரு சிற்றூரின் சமூக மாற்றத்தை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின்தொடர முடிவது உலகிலேயே அரிய வாய்ப்பு. இருவேல்பட்டுக்கு அது வாய்த்ததற்குக் காரணம், 1916இல் அவ்வூரிலிருந்து ஒருவர் கல்லூரிக்கு வந்திருந்தார் என்பதே. பக்கத்து ஊர்களுக்கு அந்த நல்வாய்ப்பு இல்லை.

பாதிப் பெண்கள் எங்கே போனார்கள்?

பத்தாண்டுக்கு ஒருமுறை வீடு வீடாக வரும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்தக் குறையைத் தீர்க்காதா என்று வாசகர் கேட்கலாம். தலைகளை எண்ணுவதில் அது வல்லதுதான். பிழைப்பை எண்ணுவதில் அதன் கதை வேறு.

1961 கணக்கெடுப்பில் இந்தியப் பெண்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 28 பேர் உழைப்பாளர்கள் என்று வந்தது. 1971இல் இது ஏறத்தாழப் பாதியாகச் சுருங்கிவிட்டது. பத்தாண்டில் நாட்டுப் பெண்களில் பாதிப்பேர் களையெடுப்பதையும் நாற்று நடுவதையும் நிறுத்திவிட்டார்களா? அப்படி ஒன்றும் நடக்கவில்லை. மாறியது கேள்வி. பருவத்தொழிலைப் பொறுத்தவரை, பருவத்தின் பெரும்பகுதியில் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குமேல் முறையாக உழைத்தாலே உழைப்பாளர் என்று 1961இல் கொண்டார்கள். 1971இல், உங்கள் முக்கியமான வேலை என்ன என்று கேட்டார்கள். காலையில் சமைத்துவிட்டு வயலுக்குப் போய், மாலையில் மாட்டுக்குப் புல்லோடு திரும்பும் பெண்ணுக்கு முக்கியமான வேலை எது? பதில் சொன்னவர் பெரும்பாலும் வீட்டு ஆண்மகன். வீட்டுவேலை என்று அவர் சொல்லியிருப்பார், எழுதுபவரும் எழுதிக்கொண்டிருப்பார். துணைத் தொழிலுக்கு வேறு கட்டம் இருந்தது என்றாலும் மொத்த எண்ணிக்கையில் அது ஏறவில்லை.

1981இல் முதன்மை உழைப்பாளர், குறுகிய கால உழைப்பாளர் என்று பிரித்து, 183 நாள் என்ற எல்லையை வைத்தார்கள். 1991இல் சொந்த நிலத்திலும் குடும்பத் தொழிலிலும் ஊதியமின்றி உழைப்பதையும் சேர்த்துக் கேட்கும்படி வினாவிலேயே எழுதினார்கள். ஒவ்வொரு முறையும் கேள்வி சற்றே திருந்தியது. ஆனால் ஒவ்வொரு முறையும் திருந்தியதால், முந்தைய எண்ணோடு ஒப்பிடுவது மேலும் கடினமாயிற்று. மாணவர்கள் எங்கேனும் பெண் உழைப்பாளர் பற்றிய நெடுங்கால வரைபடம் கண்டால், கோடு எங்கே விழுகிறது என்று பார்ப்பதற்கு முன்பு அந்த ஆண்டில் என்ன கேட்டார்கள் என்று பார்ப்பது நல்லது.

சில ஆண்டுகளின் ஊர்நிலை ஏடுகளில் இந்தப் பெண்களின் பெயர் வேறொரு வழியாக ஏறியது. 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி வந்த நூறுநாள் வேலைத் திட்டத்தின் வருகைப் பட்டியல்களில், தமிழ்நாட்டில் வேலை நாட்களில் மிகப் பெரும்பங்கு பெண்களுடையதாக இருந்தது. கூலி கொடுக்கவேண்டி வந்ததும் ஏடு தானாகவே அவர்களைக் கண்டுகொண்டது!

குத்தகைக்காரரின் பெயர்

அடங்கலில் பட்டாதாரர் இருக்கிறார். வாய்ச்சொல் குத்தகையில் உழுபவர் இருப்பதில்லை. 1955இல் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது இந்த விடுபாட்டின் முழுக் கனமும் தெரிந்தது. குத்தகைதாரரை வெளியேற்றக்கூடாது என்றது சட்டம். நான் குத்தகைதாரர் என்று எதைக் காட்டி நிறுவுவது? கொடுத்த நெல்லுக்கு இரசீது இல்லை. கணக்கில் பெயர் இல்லை. இருபது ஆண்டு உழுதவரை, இவர் என் பண்ணையில் கூலிக்கு உழைத்தவர் என்று ஒரு வார்த்தையில் நிலக்காரர் மறுத்துவிட முடிந்தது.

1969இல் குத்தகை உரிமைகளைப் பதிவு செய்யவே தனிச் சட்டம் இயற்றப்பட்டது. பாதுகாப்புச் சட்டம் வந்து 14 ஆண்டுகள் கழித்து, யாரைப் பாதுகாப்பது என்று பட்டியல் எடுக்கத் தொடங்கினார்கள். இந்த முன்பின் மாற்றத்தைவிடப் பெரிய தவறு நமது நிலச்சட்டங்களின் வரலாற்றில் அதிகம் இல்லை என்பது என் கருத்து. இடைப்பட்ட காலத்தில் வெளியேற்றப்பட்டவர்களைப் பட்டியல் திரும்பக் கொண்டுவர முடியாது. விவசாயிகள் சங்கங்கள் வலுவாயிருந்த தஞ்சைப் பகுதியில் பதிவு ஓரளவு நடந்தது. மற்ற இடங்களில் வாய்ச்சொல்லே நீடித்தது.

இன்றும் பயிர்க்காப்பீட்டுக்கும் வெள்ள நிவாரணத்துக்கும் அடங்கல் நகல் கேட்கிறார்கள். பதிவில்லாக் குத்தகையில் பயிரிட்டு நட்டப்பட்டவர், நிலக்காரரின் தயவையோ அலுவலரின் நம்பிக்கையையோ நாடித்தான் நிற்கவேண்டியிருக்கிறது.

கர்ணம் போன பிறகு

1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டத்தால் கர்ணம், கிராம முன்சீப் ஆகிய பகுதிநேரப் பதவிகளை ஒழித்தது. பெரும்பாலும் பரம்பரையாகச் சில குடும்பங்களிலேயே தங்கியிருந்த பதவிகள் இவை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1982இல் சட்டம் செல்லும் என்று தீர்ப்பாயிற்று. தேர்வெழுதி வந்த கிராம நிர்வாக அலுவலர்கள் அந்த இடத்துக்கு வந்தார்கள்.

கர்ணம் ஊரை உள்ளங்கை நெல்லிக்கனியாக அறிந்தவர். அறிந்ததை யாருக்காக எழுதுவது, யாருக்காக எழுதாமல் விடுவது என்பதிலும் தேர்ந்தவர். அந்தப் பிடியை உடைத்தது தேவையான சீர்திருத்தம். ஆனால் அறிவும் உடன்போயிற்று. அலுவலருக்கோ சான்றிதழ் வேலை மலைபோல. ஒவ்வொரு வயலாக நடந்து பயிரைப் பார்க்கும் வழக்கம் நாடெங்கும் தளர்ந்துவருவதை 2001இல் அறிக்கை தந்த தேசியப் புள்ளியியல் ஆணையம் கவலையோடு குறிப்பிட்டது. வயலைப் பார்க்காதவர் சென்ற ஆண்டு ஏட்டைப் பார்த்தே இந்த ஆண்டு ஏட்டை எழுதலாம். தணிக்கையில் எண்கள் அழகாகப் பொருந்தும்.

ஐந்து ஏடுகள், ஐந்து ஊர்கள்

1993இல் நடப்புக்கு வந்த 73ஆம் அரசியல் சட்டத் திருத்தம் ஊராட்சிகளுக்கு 29 துறைகளைக் காட்டியது. வேளாண்மை, சிறு தொழில், வறுமை ஒழிப்பு எல்லாம் அதில் அடக்கம். திட்டமிட வேண்டுமானால் ஊரில் நிலமற்ற குடும்பங்கள் எத்தனை, ஆண்டில் ஆறு மாதம் செங்கற்சூளைக்கோ கரும்பு வெட்டவோ வெளியூர் செல்லும் குடும்பங்கள் எத்தனை என்று ஊராட்சிக்குத் தெரியவேண்டும்.

ஊராட்சியிடம் இருப்பது வீட்டு வரிக் கேட்புப் பதிவேடு. அங்கன்வாடி ஊழியரிடம் குழந்தைகளின் கணக்கு. கிராம சுகாதார செவிலியரிடம் தம்பதியர் கணக்கு. நியாயவிலைக் கடையில் குடும்ப அட்டைக் கணக்கு. கிராம நிர்வாக அலுவலரிடம் நிலக் கணக்கு. ஐந்தும் ஒரே ஊரைப் பற்றியவை என்று எண்ணிவிடக்கூடாது. தமிழ்நாட்டில் ஊராட்சிகள் ஏறத்தாழ 12,500. வருவாய்க் கிராமங்களோ 16,000க்கும் மேல். துணை சுகாதார நிலையத்தின் எல்லை வேறு. குடும்பம் என்றால் ஒரு கூரையா, ஒரு அடுப்பா, ஒரு அட்டையா என்பதும் ஏட்டுக்கு ஏடு மாறும். சூளைக்குப் போன குடும்பம் வீட்டு வரிப் பதிவேட்டில் ஊரிலேயே இருக்கிறது. அங்கன்வாடி ஏட்டில் வராத குழந்தை. சூளை இருக்கும் ஊரின் ஏடுகளில் பெரும்பாலும் இல்லவே இல்லை.

இதைச் சீர்செய்ய வழி காணும்படி அமைத்த, அபிஜித் சென் தலைமையிலான குழு 2006இல் அறிக்கை தந்தது. இந்த ஊழியர்கள் வைத்திருக்கும் ஏடுகளையே ஆதாரமாகக் கொண்டு, ஊராட்சி தன் ஊரின் அடிப்படைப் புள்ளிவிவரத்தைத் திரட்டி வைத்துக்கொள்ளலாம் என்பது அதன் யோசனை. மகாராட்டிரத்திலும் மேற்கு வங்கத்திலும் சில ஊராட்சிகளின் ஏடுகளை வீடுவீடான ஆய்வோடு ஒப்பிட்டு அபராஜிதா பக்ஷியும் ஜுனிச்சி ஒகாபேயும் 2016இல் ஒரு நூல் எழுதினார்கள். ஏடுகள் பயனற்றவை அல்ல, பிறப்பும் குழந்தைகளும் அவற்றில் ஓரளவு நன்றாகவே அகப்படுகின்றன என்பதை அத்தகைய ஒப்பீடுகளிலிருந்து அறிகிறோம். நிலமற்றவரின் வேலையும் வருமானமும்தான் அகப்படுவதில்லை.

படியாளுக்குத் திரும்புவோம். 1976இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது. கொத்தடிமைகளை அடையாளம் கண்டு விடுவிக்கும் பொறுப்பை மாவட்ட நிர்வாகத்திடம் அது ஒப்படைத்தது. 1995இல் உச்ச நீதிமன்றம் அமர்த்திய ஆணையர்கள் தமிழ்நாட்டில் கொத்தடிமைகள் பத்து இலட்சத்துக்கும் மேல் இருப்பதாக அறிக்கை தந்தார்கள். மாநில அரசு அதை ஏற்கவில்லை. அரசு தானே நடத்திய கணக்கெடுப்பில் கிடைத்தது அதில் மிகச் சிறிய பங்கு. ஒருவரைக் கொத்தடிமை என்று எழுதினால் அவரை விடுவிக்கவேண்டும், மறுவாழ்வுத் தொகை தரவேண்டும், வைத்திருந்தவர்மீது வழக்குத் தொடரவேண்டும். எழுதாவிட்டால் இவற்றில் எதுவும் இல்லை. இரண்டு எண்களுக்கும் இடையே இருந்தவர்கள் அந்த ஆண்டும் நெல் அறுத்தார்கள், கல் உடைத்தார்கள், செங்கல் அறுத்தார்கள். அவர்கள் அறுத்த நெல்லின் ஏக்கர் கணக்கு அந்தந்த ஊர் அடங்கலில், பசலி 1404க்கு உரிய பக்கத்தில், இன்றும் இருக்கும்.